வான் பாய்ந்தால் அருவியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன்னர் என் மகள் கைத்தொலைபேசியில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். வன்னிக் காட்டுக்குள் யாருக்கும் தெரியாத நீர்வீழ்ச்சியாம். வார இறுதியில் இரண்டு பகல், ஓர் இரவு. மெத்தையும் மின்விளக்கும் வைத்த சொகுசுக் கூடாரம், காட்டு நடை, அருவிக் குளியல், இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு. வன்னியில் ஏதடா அருவி என்று படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அது எங்கள் குளத்து வான். மார்கழியில் எடுத்த படம். ஒரு மூலையில், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையாரின் சைக்கிள்கூடச் சாத்தியபடி நிற்கிறது.

எந்தக் குளம் என்று நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த சனிக்கிழமை இன்னும் நாலு வாகனம் கூடிவிடும். ஆனால் இது ஒரு குளத்தின் கதை மட்டுமல்ல என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அருவி பார்க்க விரும்புகிறவர்களுக்கு மலைநாடு இருக்கிறது. 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த, 220 மீற்றர் தியலும எல்லாம் மலை தந்தவை. வன்னி மட்டமான நிலம். இங்கே தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறதென்றால், மனிதன் மண் சுமந்து ஆற்றை மறித்ததால்தான் விழுகிறது. கனகராயன் ஆற்றை மறித்தது இரணைமடு, பேராற்றை மறித்தது முத்தையன்கட்டு, பாலியாற்றை மறித்தது வவுனிக்குளம். நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கு நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர், இந்தத் தீவின் மிகப் பழைய குளங்களின் வரிசையிலேயே வவுனிக்குளத்தை வைத்தார். குளம் கொள்ளாத தண்ணீரை வெளியே விட்டு, கட்டு உடையாமல் காக்கிற வழியைத்தான் வான் என்கிறோம். "வான் பாயுதாம்" என்ற சேதி வந்தால் காலபோக நெல்லுக்குத் தண்ணீர் நிறைந்துவிட்டது என்ற சந்தோசமும், கட்டு தாங்குமா என்ற பயமும் எங்களுக்கு ஒன்றாகத்தான் வரும்.

அதுவும் ஆண்டு முழுக்கப் பாயாது. ஐப்பசியில் மழை தொடங்கி, குளம் நிறைந்து, மார்கழி தையில் சில கிழமைகள். சில ஆண்டுகளில் அதுவுமில்லை. விளம்பரத்தை நம்பி ஆவணியில் விடுமுறைக்கு வருகிற வெளிநாட்டு உறவினர்கள் காணப்போவது வெடித்த சேறும், காய்ந்த கொங்கிறீட்டும், அதில் படுத்திருக்கும் எருமையும்தான். அது ஏமாற்று, காசு கொடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பயம், வான் உண்மையில் பாயும்போது வருகிறவர்களைப் பற்றித்தான்.

வான் எப்படி வேலை செய்கிறதென்று தெரிந்தவர் அதன் கீழே குளிக்கமாட்டார். வவுனியாப் பக்கத்தில் இரவு கொட்டிய மழை கனகராயன் ஆற்றால் இறங்கி இரணைமடுவுக்கு வர நேரமெடுக்கும். குளக்கட்டில் நிற்பவருக்கு வானம் வெளித்திருக்கும், வெயிலும் எறிக்கும். நீர்மட்டம் ஏறிவிட்டால் கதவைத் திறக்காமல் இருக்க முடியாது; ஆள் குளிக்கிறார் என்று குளம் காத்திருக்காது. விழுகிற தண்ணீரும் நேரே ஓடிவிடாது. கீழ்த்தளத்தில் மோதித் திரும்பிச் சுழன்று, அகப்பட்டவரை உள்ளுக்குத்தான் இழுக்கும். கொங்கிறீட்டில் படிந்த பாசி எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். குளத்தில் முதலை உண்டென்பதை விளம்பரக்காரர் சொல்வதில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த நாட்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளில் தங்கியிருந்ததை யாரும் மறக்கவில்லை. அதே தண்ணீருக்குள் நின்று படம் எடுப்பதற்கு இன்றைக்குக் கட்டணம் வாங்குகிறார்கள்.

இனி, நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு ஞாயிறு காலை, ஆட்கள் போன பிறகு கட்டில் நடந்தேன். கட்டின் சரிவில் பதினொரு துளைகள். கூடாரக் கயிறு கட்ட அறைந்த இரும்பு முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்; என் நடுவிரல் முழுக்க ஒரு துளைக்குள் போனது. மண் கட்டில் ஒரு நாயுண்ணிப் பற்றை வேர்விடவும் எங்கள் வட்டவிதானையார் சம்மதிக்கமாட்டார். வேர் செத்த இடத்தால் தண்ணீர் கசியும், கசிந்த இடம் ஒருநாள் வாய் திறக்கும் என்பது அவருடைய தகப்பன் சொல்லிக்கொடுத்த பாடம். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. களிமண் உருட்டி ஒவ்வொரு துளையாக அடைத்து, குதிக்காலால் மிதித்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை எங்கள் வாய்க்காலில் புல்லுப் பிடுங்கிய பெண்ணின் உள்ளங்காலை உடைந்த போத்தல் கிழித்தது. ஐந்து தையல். வான் பக்கம் உடைத்த போத்தல் எப்படி வயலுக்குத் தண்ணீர் விடும் துருசு வாய்க்காலுக்கு வந்தது என்று கேட்கலாம். கட்டில் இருந்து குடித்தவர்கள் இரண்டு பக்கமும் எறிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். துருசு திறக்கும் நாளில் பொங்கல் பொங்கி, பிள்ளையாருக்குப் படைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நாங்கள் ஏறுகிற கட்டு அது. சனி ஞாயிறுகளில் எங்கள் பெண்கள் இப்போது வாய்க்காலில் குளிக்கப் போவதில்லை.

காட்டு நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழுந்து காய்ந்த விறகைச் சைக்கிளில் கட்டிவந்த என் அயலவர் தண்டப்பணம் கட்டினார். பாலைப்பழம் பொறுக்கப் போன பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். தாங்கள் முந்திச் செய்த காணிக்குள் வன எல்லைக்கல் நாட்டப்பட்டு நிற்கிற கமக்காரர்கள் வன்னி முழுவதும் இருக்கிறார்கள். அதே காட்டுக்குள் வெள்ளிக்கிழமை மாலை ஜீப் போகிறது, நெருப்பு எரிகிறது, ஒலிபெருக்கி அலறுகிறது. பாட்டுச் சத்தத்துக்கு மிரண்ட யானை வழக்கமான தடத்தை விட்டு எங்கள் தோட்டங்களுக்குள்தான் இறங்கும். போதாததற்கு, இது போர் நடந்த காடு. மிதிவெடித் தடை பற்றிய ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். 2028இல் முடிப்பதாக வாக்குக் கொடுத்து அகற்றி வருகிறார்கள். தேன் எடுக்கப் போகிற எங்கள் ஆட்களே பழகிய தடத்தை விட்டு விலகமாட்டார்கள். கொழும்பிலிருந்து வரும் இருபது வயதுப் பிள்ளையைத் தடமில்லாத இடத்தால் கூட்டிப்போகும் துணிவு விளம்பரக்காரருக்கு எங்கிருந்து வந்தது?

கூடாரம் என்ற சொல்லே எங்களுக்கு வேறு. போர் முடிந்த 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சம் பேருக்கு மேல் முட்கம்பிக்குள் வெள்ளைக் கூடாரங்களில் இருந்தோம். கடைசி ஆட்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். மீள்குடியேறியவர்கள் தறப்பாளின் கீழ் சமைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே நந்திக்கடல் ஓரத்தில் "லகூன்ஸ் எட்ஜ்" என்ற விடுதியை இராணுவம் நடத்தியது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் புலிகளின் தலைவர் இருந்த நிலக்கீழ் மாளிகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 2013 அக்டோபரில் அதையும் தகர்த்தார்கள். அந்த நாளில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவுமில்லை. இன்று பிரதேச சபை இருக்கிறது, கமக்கார அமைப்பு இருக்கிறது. இன்றும் கேட்காமல் நடக்கிறது என்பதுதான் என் முறைப்பாடு.

ஆட்கள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நடப்பதும் மரத்தின் கீழ் தங்குவதும் எங்களுக்குப் புதிதா? செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்கள் முல்லைத்தீவுக் கரையால்தான் போகிறார்கள். எந்த ஊரிலும் அவர்களுக்குச் சோறில்லை என்று சொன்னதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு விடிய விடிய சனம் மணலில் இருக்கும். பக்கத்து மாவட்டத்தில், மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் வந்து, குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் கூடாரம் போட்டு நாட்கணக்கில் தங்குகிறார்கள். அதற்காக அரசாங்க அதிபர் முன்கூட்டியே கூட்டம் வைக்கிறார்; மலசலகூடம், பவுசரில் தண்ணீர், சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ், குப்பை அள்ளும் உழவு இயந்திரம் என்று எல்லாம் ஒழுங்காகிறது. அவ்வளவு பேருக்குச் செய்யத் தெரிந்த நிர்வாகத்துக்கு, எட்டுக் கூடாரத்துக்கு ஒரு விதி எழுத முடியாதா?

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. ஒன்று: மழைமாதங்களில் வானின் மேலும் கீழும் எவரும் இறங்காதபடி சங்கிலி போட்டு, மூன்று மொழியிலும் பலகை நாட்டவேண்டும், கதவு திறக்கமுன்னர் சைரன் ஒலிக்கவேண்டும். இரண்டு: குளக்கட்டில் கூடாரமும் நெருப்பும் வாகனமும் முற்றாகத் தடை. கட்டுக்குச் சேதம் செய்வது குற்றம் என்கிற நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் 1946இலிருந்தே இருக்கிறது. அதை எங்கள் மாட்டுக்காரர்களுக்கு மட்டும் காட்டவேண்டாம். மூன்று: தங்கும் இடத்தை நீர்ப்பாசனத் திணைக்களமும் பிரதேச சபையும் கமக்கார அமைப்பும் சேர்ந்து, கட்டுக்கும் நீரேந்து பகுதிக்கும் விலகிய இடமாகத் தெரிவுசெய்யட்டும். நடத்துபவர் சபையில் பதிந்து, குப்பைக்கென்று முற்பணம் கட்டட்டும். வருமானத்தில் ஒரு பங்கு வாய்க்கால் துப்புரவுக்கு வரட்டும். சமையலும் வழிகாட்டலும் ஊராருக்கே கொடுக்கட்டும். குரக்கன் பிட்டும் விரால் குழம்பும் முட்டித் தயிரும் எங்கள் பெண்களிடம் உண்டு; எந்தத் தடத்தில் யானை வரும் என்பது எங்கள் பொடியளுக்குத் தெரியும். நான்கு: காட்டுக்குள் போக விறகுக்காரருக்கு ஒரு சட்டம், கூடாரக்காரருக்கு ஒரு சட்டம் என்றில்லாமல் ஒரே சட்டம்.

ஐப்பசி பிறக்கமுன்னர் முதலாவதையாவது செய்யலாம். ஒரு பலகைக்கும் பத்து யார் சங்கிலிக்கும் திறைசேரி அனுமதி தேவைப்படாது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் திணைக்களங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் மழை தொடங்கிவிட்டால், நாங்களே தென்னங்குற்றியும் கயிறும் கட்டுவதென்று கமக்கார அமைப்பின் கடந்த கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோம். குற்றி ஏற்கெனவே தறித்துக் கட்டடியில் கிடக்கிறது.

இப்படிக்கு,
கமக்காரர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.