முட்டைக்குள்ள குட்டிக் கோழி இருக்கா?

நிலக்கடலைப் பருப்பை ரெண்டாப் பிளந்து பாருங்க. முனையில குட்டியா ஒரு செடி, இலையோட மடங்கிப் படுத்திருக்கும். மனுசனும் இப்படித்தான், முழு உருவமா உள்ளேயே இருந்து பிறகு பெருசாகுறான்னு யாராவது சொன்னா நம்பத்தான் தோணும். ஐரோப்பாவுல நூறு வருசம் போல பெரிய படிப்பாளிங்களே நம்பினாங்க.

1677ல ஹாலந்துக்காரர் லேவன்ஹூக், தானே செஞ்ச பூதக்கண்ணாடியில விந்தணுவைப் பார்த்தார். 1694ல ஹார்ட்சூக்கர்ங்கறவர், அந்த அணுவோட தலைக்குள்ள முழங்காலைக் கட்டிக்கிட்டு ஒரு குட்டி மனுசன் உக்காந்திருக்கிற மாதிரி படமே போட்டார். கண்ணால கண்டு வரைஞ்சதில்லைங்க, இப்படி இருக்கலாம்னு ஒரு ஊகம். இன்னொரு கட்சி, பிள்ளை இருக்கிறது தாயோட கருமுட்டையிலன்னு மல்லுக்கட்டுச்சு. அப்போ அந்தப் பிள்ளைக்குள்ள அதோட பிள்ளை, அதுக்குள்ள பேரப்பிள்ளைன்னு, உலகத்துச் சனம் மொத்தமும் முதல் தாய் வயித்துலயே அடுக்கி இருந்ததா கணக்கு போச்சு!

ஜெர்மனியில வோல்ஃப்ங்கறவர் கோழி முட்டையில வளர்ற கருவைக் கட்டம் கட்டமா பார்த்தார். ரத்தக் குழாய் முதல்ல இல்லை, பிறகுதான் உண்டாகுதுன்னு 1759ல எழுதினார். குடலும் ஆரம்பத்துல தட்டைத் தகடு, அதுதான் மடிஞ்சு குழாயாகுதுன்னு சில வருசம் கழிச்சுக் காட்டினார். அதாவது உறுப்பெல்லாம் தயாரா இல்லை, ஒவ்வொண்ணா உருவாகுது.

பழைய கதைன்னு சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா விதை ஆம்பளையோடது, பொம்பளை வெறும் நிலம்ங்கற பேச்சு இன்னைக்கும் ஓயலை. அதே வாய்தான், பொண்ணு பிறந்தா மட்டும் குத்தத்தை மருமக மேல போடுது. ஆணா பொண்ணான்னு முடிவாகுறது தகப்பனோட விந்தணுவுல. அவங்க கணக்குப்படியே பார்த்தாலும், எல்லாம் விதையில இருக்குன்னா நிலத்தை ஏன் ஏசணும்?

நிலத்தை 'வெறும்'னு சொல்றவன் வெள்ளாமை பண்ணியிருக்க மாட்டான். நல்ல விதையும் காஞ்ச மண்ணுல கருகும். நல்ல முட்டையும் இருபத்தொரு நாள் கோழி சூடு கொடுத்து, புரட்டிப் புரட்டி விட்டாத்தான் குஞ்சாகும். தாய் தர்றது இடம் மட்டும் இல்லைங்க. கருவுல பாதி அவளோடது, அதை வளர்க்கிற ரத்தமும் அவளோடது.

படிச்ச வீடுகள்லயும் இந்தப் பேச்சு கேக்குது. அடுத்த தடவை காதுல விழுந்தா சும்மா இருந்துடாதீங்க.