கூட்டத்துக்குப் போனால் மானம் போகுமா?

"மனசு வெச்சா நாளைக்கே விட்டுரலாம். இதுக்கு எதுக்குக் கூட்டம்? நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்." பெருந்துறைப் பக்கம் குடிநோயாளி உள்ள வீடுகளில் பெரியவர்கள் வைக்கும் வாதம் இது. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் தவறு, ஆபத்தும்கூட.

நெடுநாள் குடித்தவர் வைராக்கியத்தில் சட்டென நிறுத்தினால் கைநடுக்கத்தோடு போகாது. வலிப்பும் சித்தபிரமையும் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவர். குடியை நிறுத்தவைக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலப்பது அறவே கூடாது. அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியலாம்.

கூட்டத்தின் வேலை அதன்பிறகுதான் தொடங்குகிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகள் தொடங்கியது, இந்தக் கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. கட்டணமில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. முழுப்பெயரோ வேலையோ சொல்லவேண்டியதில்லை. மானத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு எது?

பேசினால் பலனுண்டா? 27 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருக்க இந்த வழியிலான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுவதாகக் கண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்று அது சொல்லவில்லை.

உள்ளூரில் தெரிந்த முகங்களுக்கு அஞ்சுபவர் கோவைக்குப் பஸ் ஏறலாம். இணையவழிக் கூட்டங்களும் உண்டு. கூட வாழ்ந்து களைத்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அல்-அனான் என்ற குடும்பத்தார் கூட்டம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய உதவி எண்ணில் இலவசமாகக் கேட்கலாம்.