தசைத் தளர்வு மருந்தும் கட்டைவிரல் அளவீடும்: நோயாளிகள் அறிய வேண்டியவை

பொது மயக்க மருந்து என்று நாம் ஒற்றைச் சொல்லில் குறிப்பிட்டாலும், அறுவை அரங்கில் உங்களுக்குச் செலுத்தப்படுபவை பல மருந்துகள். நினைவை இழக்கச் செய்வது ஒன்று. வலியை அடக்குவது மற்றொன்று. தசைகளைத் தளர்த்துவது வேறொன்று. வயிற்று அறுவை சிகிச்சையில் தசைகள் இறுகியிருந்தால் மருத்துவரால் உள்ளே பணிபுரிய இயலாது. தொண்டை வழியாகச் சுவாசக் குழாயைச் செலுத்துவதற்கும் தளர்வு தேவை. இதற்காகவே வெக்குரோனியம், ரோகுரோனியம், அட்ராகுரியம் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. இவை மூச்சு விடும் தசைகளையும் செயலிழக்கச் செய்வதால், அதுவரை உங்களுக்காகக் கருவியே சுவாசிக்கிறது.

சிகிச்சை முடிந்து குழாயை அகற்றும் நேரமே கவனத்திற்குரியது. அப்போது தசைகளின் வலிமை முழுமையாகத் திரும்பியிருக்க வேண்டும். சிறிதளவு தளர்வு எஞ்சியிருந்தாலும் தொண்டைத் தசைகள் சரிவர இயங்கா. எச்சிலோ வயிற்றிலுள்ள திரவமோ நுரையீரலுக்குள் செல்லலாம், இரத்தத்தில் ஆக்சிஜன் குறையலாம், பின்னர் நிமோனியாவும் வரலாம். விழிப்பு வந்தும் கையை உயர்த்தவோ பேசவோ முடியாத நிலையைச் சில நோயாளிகள் பின்னாளில் அச்சத்துடன் விவரிப்பதுண்டு.

தசைகள் மீண்டனவா என்பதை அறிவது எப்படி? தலையை ஐந்து நொடி தூக்கச் சொல்வதும், கையை இறுகப் பிடிக்கச் சொல்வதும் நெடுங்கால வழக்கம். இச்சோதனைகளில் தேறிய நோயாளியிடமும் தளர்வு எஞ்சியிருக்கக்கூடும் என்பது இன்று தெளிவாகியுள்ளது.

இதைவிட நம்பகமான முறை 1970-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பின் மேல் இரண்டு மின்முனைகளை ஒட்டி, அரை நொடிக்கு ஒன்றாக நான்கு சிறு மின்துடிப்புகள் கொடுக்கப்படும். ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டைவிரல் உள்நோக்கி அசையும். மருந்தின் ஆதிக்கம் மிகுந்திருந்தால் அசைவே இராது; குறையக் குறைய ஒன்று, இரண்டு என அசைவுகள் திரும்பும். நான்கும் திரும்பிய பின்னரும் நான்காவது அசைவு முதலாவதைவிட வலுக்குறைந்தே இருக்கும். அது முதலாவதில் 90 சதவீதத்தையாவது எட்டிய பிறகே குழாயை அகற்றுவது பாதுகாப்பானது.

சிக்கல் இங்கேதான் உள்ளது. அனுபவமிக்க மருத்துவரின் கண்ணும் விரலும்கூட, ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கடந்துவிட்டால் நான்கு அசைவுகளுக்கும் இடையே வேறுபாட்டை உணர இயலாது. அதாவது 40-க்கும் 90-க்கும் இடைப்பட்ட ஆபத்தான பகுதி மனித உணர்வுக்குப் புலப்படுவதில்லை. அதை எண்ணாகக் காட்டும் கருவியே வேண்டும்.

2023 ஜனவரியில் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே வலியுறுத்துகிறது. கண்ணால் மதிப்பிடுவதைத் தவிர்த்து, அளவிடும் கருவியைப் பயன்படுத்த வேண்டும். கண்ணைச் சுற்றியுள்ள தசைகளில் அளக்காமல் கட்டைவிரலில் அளக்க வேண்டும் என்கிறது. முகத் தசைகள் முன்னதாகவே மீண்டுவிடுவதால் அவை பொய்யான நம்பிக்கையைத் தரும். ஐரோப்பிய சங்கமும் அதே ஆண்டில் இதையொத்த பரிந்துரையை வெளியிட்டது. அரை நூற்றாண்டாக அறியப்பட்ட அறிவு இவ்வளவு தாமதமாக விதியாவதற்குக் கருவியின் விலையைவிடப் பழக்கமே பெரிய காரணம் என்பது என் எண்ணம். மருத்துவர்களாகிய நாங்கள் எங்கள் கண்களைச் சற்று அதிகமாகவே நம்புகிறோம்.

தளர்வை நீக்க இரண்டு மருந்துகள் உள்ளன. நெடுநாளாகப் பயன்படும் நியோஸ்டிக்மின், ஆழ்ந்த தளர்வில் போதிய பலன் தராது. லேசான தளர்விலும் அது முழுமையாகச் செயல்படப் பத்து நிமிடமேனும் ஆகும். சுகாமடெக்ஸ் என்பது ரோகுரோனியம், வெக்குரோனியம் ஆகியவற்றைப் பிணைத்து விரைவில் செயலிழக்கச் செய்யும். அட்ராகுரியத்தில் இது பயன்படாது. கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் சுகாமடெக்ஸ் பெற்றால், அடுத்த ஏழு நாட்களுக்கு ஆணுறை போன்ற ஹார்மோன் அல்லாத மாற்று முறையையும் கைக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும்முன் இம்மருந்து செலுத்தப்பட்டதா என்று கேட்டறியுங்கள்.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையின்போது சிலவற்றைத் தவறாமல் கூறுங்கள். தசைச் சோர்வு நோய், சிறுநீரகக் கோளாறு, அண்மையில் போடப்பட்ட ஜென்டாமைசின் போன்ற ஊசிகள், மெக்னீசியம் சிகிச்சை ஆகியவை தளர்வை நீட்டிக்கலாம். உங்களுக்கோ இரத்த உறவினருக்கோ முன்பு மயக்கத்திலிருந்து மீளப் பல மணி நேரம் ஆனதா என்பதும் முக்கியம். சக்சினைல்கோலின் என்ற மருந்தின் விளைவு பொதுவாகச் சில நிமிடங்களில் அகலும். அதைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். வைசியர் சமூகத்தில் இக்குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதையும், அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006-இல் வெளியிட்டது. குடும்பத்தில் இது இருந்தால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

“தசைத் தளர்வை அளக்கும் கருவி பயன்படுத்துவீர்களா?” என்று மயக்கவியல் மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மீட்பு அறையில் இருக்கும்போது மூச்சுவிடச் சிரமம், விழுங்க இயலாமை, இரட்டைப் பார்வை, கண் இமை தாழ்தல் ஆகியவற்றை உணர்ந்தால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள். பேச முடியாத நிலையில் நோயாளி இருக்கிறார் எனில், அருகிலிருக்கும் உறவினர் செவிலியரை உடனடியாக அழைக்க வேண்டும்.