கேட்பாரற்றுக் கிடக்கும் கோடிகள்

ரூ.78 ஆயிரத்து 213 கோடி!

2024-ம் ஆண்டு மார்ச் மாத முடிவில் இந்தியப் பாங்கிகளில் கேட்க ஆள் இல்லாமல் கிடந்த பணம் இது. ரிசர்வ் பாங்கியின் ஆண்டு அறிக்கை சொல்லும் கணக்கு. அதற்கு முந்திய ஆண்டில் இந்தத் தொகை ரூ.62 ஆயிரத்து 225 கோடிதான். ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இது திருட்டுப் போன பணம் அல்ல. மோசடியில் சிக்கிய பணமும் அல்ல. மக்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். பத்திரமாகத்தான் இருக்கிறது. சிலர் ஊர் மாறிப் போனார்கள். பழைய கணக்கை மறந்தார்கள். சிலர் இறந்து போனார்கள். கணக்கு இருப்பதே வீட்டாருக்குத் தெரியவில்லை.

வீட்டில் நடப்பது என்ன?

கணவர் சம்பாதிக்கிறார். முதலில் வேலை பார்த்த ஊரில் ஒரு கணக்கு. மாற்றலாகி வந்த ஊரில் ஒரு கணக்கு. மகள் கல்யாணத்துக்கு என்று தனியாக ஒரு டெபாசிட். மனைவிக்குத் தெரிந்தது, மளிகைக்குப் பணம் எடுக்கும் கணக்கு ஒன்றுதான். "அவளுக்கு எதற்கு இந்தத் தலைவலி?" என்பார் கணவர். தலைவலி பிறகுதான் வரும்; அதுவும் அவளுக்குத்தான் வரும்.

மனைவியும் லேசுப்பட்டவர் அல்ல. சிறுவாட்டுப் பணம் அரிசிப் பானையில் இருந்த காலத்தில், பானையைக் கவிழ்த்தால் கிடைத்துவிடும். இன்று அதுவும் பாங்கிக்குப் போய்விட்டது. பாங்கியைக் கவிழ்க்க முடியுமா?

இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாவிட்டால், அது "செயல்படாத கணக்கு". பத்து ஆண்டு ஆகிவிட்டால், பணம் ரிசர்வ் பாங்கி வைத்திருக்கும் தனி நிதிக்குப் போகிறது. 2014-ம் ஆண்டில் ஏற்பட்ட நிதி இது. அங்கே போனாலும் பணம் அழியாது. உரியவரோ வாரிசோ அந்தப் பாங்கியிலேயே கேட்டு வாங்கலாம். ஆனால் வட்டி குறைவு. வட்டி தரும் டெபாசிட்டுகளுக்கு 2021-ம் ஆண்டு மே மாதம் முதல் 3 சதவீதம் என்று ரிசர்வ் பாங்கி வைத்தது.

நாமினி யார்?

2025-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஒரு மாற்றம் வந்தது. பாங்கி டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். மனைவிக்கு 50 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்கும் 25 சதவீதம் வீதம் என்று பிரித்தும் எழுதலாம். லாக்கருக்கு அப்படிப் பிரிக்க முடியாது. ஒருவருக்குப் பின் ஒருவர் என்றுதான் எழுத வேண்டும்.

நல்ல மாற்றம். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நாமினி வேறு, வாரிசு வேறு! பாங்கிப் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமைதான் நாமினிக்கு உண்டு. பணம் வாரிசுகளுக்கே சொந்தம் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

கல்யாணத்துக்கு முன் ஒருவர் தம்பியை நாமினி ஆக்கினார் என்று வையுங்கள். பிறகு மாற்றவே இல்லை. அவர் இறந்தால் பாங்கி தம்பியிடம் பணத்தைக் கொடுக்கும். அதில் பாங்கியின் பிழை ஒன்றும் இல்லை. தம்பி நல்லவராக இருந்தால் அண்ணியிடம் கொடுப்பார். இல்லாவிட்டால் அண்ணி கோர்ட்டுக்குப் போக வேண்டும். நாமினியை மாற்ற ஒரு படிவம் போதும்.

தேடுவது எப்படி?

பழைய பணத்தைத் தேட 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "உத்கம்" என்ற இணையதளத்தை ரிசர்வ் பாங்கி தொடங்கியது. 2024 மார்ச்சுக்குள் 30 பாங்கிகள் அதில் சேர்ந்துவிட்டன. செல்போன் எண்ணைப் பதிவு செய்து, கணக்கு வைத்திருந்தவரின் பெயருடன் பான் எண் அல்லது பிறந்த தேதியைக் கொடுத்தால் தேடலாம். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், தாத்தாவின் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

ஆனால் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தால் இந்தத் தேடல் எதற்கு? எந்தப் பாங்கி, எந்தக் கிளை, கணக்கு எண், டெபாசிட் முடியும் தேதி, நாமினி பெயர், இன்சூரன்சு, சீட்டு, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாவற்றையும் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். புது டெபாசிட் போடும்போது இருவர் பெயரிலும் போட்டு, "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கலாம்.

ஏ.டி.எம். ரகசிய எண்ணை மட்டும் அந்த நோட்டில் எழுத வேண்டாம்.