குப்பைமேனியும் குப்பிமருந்தும்

அச்சுவேலித் தோட்ட வரம்புகளிலும் வளவுகளின் வேலியோரங்களிலும் மழை கண்டதும் விதைப்பாரின்றி முளைக்கும் பூண்டு குப்பைமேனி. பூனை இதன் வேரை நாடிப் புரள்வதாற் பூனைவணங்கி என்றும் இதனை வழங்குவர். 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலில் ஆம்சுடர்டாமில் அச்சேறிய 'ஓர்த்துசு மலபாரிக்குசு' என்னும் இலத்தீன் நூல், நம்மவர் வழங்கிய பெயராலேயே இதனை வரைந்து காட்டியது. 1753இல் லின்னேயசு இதற்கு 'அக்கலிபா இண்டிக்கா' எனப் பெயரிட்டார். இப்பெயர் தாங்கிய சிறு குப்பிகள் இன்று ஓமியோபதி மருந்தாக விற்பனையாகின்றன. "நம் முன்னோர் கையாண்ட மூலிகைதானே, நம்பி உட்கொள்ளலாம்" என்பது அவற்றுக்காகக் கூறப்படும் நியாயம். இந்நியாயம் பிழையானது என்பதே எமது வாதம்.

நாட்டு வைத்தியத்தில் குப்பைமேனி கையாளப்படும் முறையை முதலில் நோக்குவோம். இலையை உப்புடன் அரைத்துச் சொறி, சிரங்குக்குப் பூசுவர். சிறுவர் நெஞ்சிற் கட்டிய கோழையை வாந்தியாக வெளியேற்ற இலைச்சாறு கொடுப்பர். மலச்சிக்கலுக்கும் அதுவே மருந்து. இவை யாவற்றிலும் பரியாரியார் நம்புவது சாற்றிலுள்ள பொருளையே. பொருள் கூடினால் விளைவும் கூடும் என்பதனாலேதான் வயதறிந்து அளவு குறிப்பர்.

ஓமியோபதியின் அடிப்படை இதற்கு நேர்மாறானது. செருமானிய மருத்துவர் அனிமன் 1796இல் முன்வைத்த கொள்கை, ஒத்ததை ஒத்ததே தீர்க்கும் என்பது. ஐதாக்க ஐதாக்க மருந்தின் ஆற்றல் மிகும் என்பது அதனைத் தொடர்ந்த கொள்கை. '30' எனக் குறித்த குப்பியில், ஒரு பங்கை நூறு பங்காக்கும் செயல் முப்பது முறை நிகழ்ந்திருக்கும். பன்னிரண்டாம் முறையிலேயே ஐதாக்கம் 1க்குப் பின் 24 சுழியங்கள் கொண்ட எண்ணை எட்டிவிடுகிறது. அவகாதரோ எண்ணை அறிந்த எந்த இரசாயன மாணவனும், அதற்கப்பால் மூலிகையின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது என்பதைக் கணித்துச் சொல்வான். பொருளால் நோய் தீரும் என்பவரின் அனுபவம், பொருளின்மையால் நோய் தீரும் என்பவருக்கு எவ்வாறு சான்றாகும்?

தாய்க்கரைசலில் மூலிகை உண்டே என்பர் சிலர். உண்டுதான். ஆயின் அது மற்றெந்த மருந்தையும் போலப் பரிசோதிக்கப்பட வேண்டியது. பாட்டனார் பெயர் அப்பரிசோதனைக்கு ஈடாகாது. 2015இல் அவுத்திரேலியத் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி, ஓமியோபதி பயனளிக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் ஒன்றேனும் இல்லை என முடிவு கூறியது. இலங்கையிலும் சித்தம் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்துள் அடங்க, ஓமியோபதிக்கு 1970இல் தனிச் சட்டம் வேண்டியதாயிற்று. சட்டமே வேறாகக் கண்ட இரண்டை விளம்பரம் ஒன்றாக்குகிறது.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. ஓமியோபதிப் பொருட்குண நூல்கள் அக்கலிபாவை எந்நோய்க்கு விதிக்கின்றன? காசநோயின் தொடக்கம், கடும் இருமல், இரத்தங் கலந்த சளி ஆகியவற்றுக்கு. இரத்தம் துப்புபவர் முதலில் நாட வேண்டியது சளிப் பரிசோதனையை. காசநோய்க்கிருமியைக் கோக் 1882இலேயே கண்டறிந்து விட்டார். ஏறத்தாழ ஆறு மாத மருந்தாற் பெரும்பாலார் குணமடைகின்றனர். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. இனிப்புருண்டை தீங்கு செய்யாது என்பர். உருண்டை செய்யாத தீங்கைக் காலத்தாழ்வு செய்யும். தாழ்த்தும் ஒவ்வொரு கிழமையிலும் நோய் அவ்வீட்டுக் குழந்தைகளை நாடும்.

இவ்வளவும் கேட்டு, "அப்படியாயின் நமது பச்சிலையே மேல்" எனப் பெருமிதம் கொள்வோருக்கும் ஒரு சொல் உண்டு. குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சி அருந்தியவர்களின் செங்குருதிக்கலங்கள் திடீரென அழிந்தமையை இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் சண்முகநாதனும் 1996இல் அறிவித்தனர். பாதிக்கப்பட்டோர் 'ஜி6பிடி' என்னும் நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்கள். தாவரம் என்பதனால் தீங்கற்றது என்னும் கூற்று இத்துடன் வீழ்கிறது. குணம் செய்ய வல்லது கேடும் செய்ய வல்லது. இதனை அறிந்தே பழைய வைத்தியர் அளவு வகுத்தனர்.

அறிவை மறைக்காது அச்சேற்றி ஆராயும் மரபு நமக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களாக்கினார். 20ஆம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரத்தைப் பதிப்பித்தார். 1984 தொடக்கம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் பயிற்றப்படுகிறது. இம்மரபின் வழிவந்த மாணவர் செய்யத்தக்க பணி தெளிவானது. அச்சுவேலி போன்ற ஊர்களில் முதியோர் கூறும் பயன்பாட்டை உறுப்பு, அளவு, பக்குவம், விளைந்த கேடு ஆகியவற்றுடன் எழுதிவைத்தல் வேண்டும். இரசாயனமும் மருத்துவமும் கற்போர் அதனைச் சோதித்தல் வேண்டும். தேறியதைக் கொள்க, தேறாததை, அது நம்முடையதேயாயினும், தள்ளுக. முன்னோரை மதிப்பதென்பது அவர்களுடைய அவதானங்களைச் சோதித்து நிறைவாக்குவதேயாம். அவர்கள் பெயரைக் குப்பியில் ஒட்டி விற்பதன்று.