‘யெஸ்’ கொடுக்கச் சொல்லாதீர்கள்

“உள் நெட்வொர்க்தானே சார், இதுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் எதுக்கு? யெஸ் கொடுங்க, போயிடும்.” ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் (ஏஎம்சி) அலுவலகக் கணினிகளை ரிமோட் எடுத்துப் பராமரிப்பவர்கள், சான்றிதழ் எச்சரிக்கைப் பெட்டி வரும்போதெல்லாம் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறார்கள். சிறுதொழில் முனைவோருக்கான ஒரு கருத்தரங்கில், மேடையேறிய ஒருவர் இதையே கொள்கையாக்கிப் பேசினார். நிறுவனத்துக்கு உள்ளேயே இருக்கும் கணினிகளுக்குச் சான்றிதழ் அமைப்பது வீண் செலவு, வீண் வேலை, பெரிய கம்பெனிகளின் ஆடம்பரம் என்றார். கைதட்டலும் வாங்கினார். கைதட்டியவர்களின் சம்பளப் பட்டியலும் ஜிஎஸ்டி கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் அந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன. இதைப் பேசாமல் விட்டுவிட என்னால் முடியவில்லை.

உள்ளே யார் வரப்போகிறார்கள் என்பது அவருடைய முதல் கேள்வி. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் நுழைந்தது, கடைகளுக்குக் குளிர்பதன வேலை செய்துகொடுத்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல் வழியே. உள்ளே வர முறையாக அனுமதி பெற்றிருந்த நிறுவனம் அது. நம் அலுவலகங்களின் வைஃபை கடவுச்சொல் ஆடிட்டரின் உதவியாளருக்குத் தெரியும், சிசிடிவி மாட்ட வந்தவருக்குத் தெரியும், போன வருடம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். இதற்குப் பெயர் உள் நெட்வொர்க்காம்.

எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்தை யார் தாக்குவார்கள் என்பது அடுத்தது. ரான்சம்வேர் அனுப்புகிறவன் பேலன்ஸ் ஷீட் பார்த்துவிட்டு வருவதில்லை.

மூன்றாவது வாதத்துக்குத்தான் அரங்கமே தலையாட்டியது: “விண்டோஸ் தானே உருவாக்கிக்கொள்ளும் செல்ஃப் சைன்டு சான்றிதழும் என்கிரிப்ட் செய்கிறதே, அப்புறம் என்ன?” என்கிரிப்ட் செய்கிறது, உண்மை. யாருக்காக என்கிரிப்ட் செய்கிறோம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. பெட்டியைப் பூட்டிக் கொடுத்தேன் என்பதில் என்ன பெருமை, வாங்கிக்கொண்டவன் யாரென்றே தெரியாவிட்டால்? என்கிரிப்ட் செய்யும் டிஎல்எஸ் முறையில் இணைப்பு தொடங்கும்போது எதிர்க் கணினி தன் பொதுச்சாவியை ஒரு சான்றிதழில் வைத்து நீட்டுகிறது. அந்தச் சாவி அதனுடையதுதான் என்று, நாம் ஏற்கெனவே நம்பும் ஒருவர் கையொப்பமிட்டிருந்தால்தான் அதற்கு மதிப்பு. தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். உங்கள் அக்கவுன்ட்ஸ் சர்வரின் பெயரை அதில் போட ஒரே ஒரு கட்டளை போதும். அதே நெட்வொர்க்கில் ஒருவன் ஏஆர்பி செய்திகளைப் பொய்யாக அனுப்பி நடுவில் நின்றுகொண்டால், நம் பக்கம் ஓர் என்கிரிப்ஷன், சர்வர் பக்கம் ஓர் என்கிரிப்ஷன், நடுவில் நிற்பவனுக்கு எல்லாம் வெளிச்சம். இணைப்பு திறக்கும் முன்பே பயனரைச் சரிபார்க்கும் என்எல்ஏ அணைக்கப்பட்ட இடங்களில் நாம் தட்டும் கடவுச்சொல் நேராக அவன் கைக்கே போகிறது.

அப்படி நடுவில் நிற்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் 2018ஐ நினைத்துப் பார்க்கட்டும். ரிமோட் டெஸ்க்டாப்பும் பவர்ஷெல் ரிமோட்டிங்குக்கான வின்ஆர்எம்மும் உள்நுழைவுக்கு நம்பியிருந்த கிரெட்எஸ்எஸ்பியில் ஓர் ஓட்டை வெளியானது. நெட்வொர்க்கின் நடுவே இடம்பிடித்தவன், நிர்வாகி இணையும் நேரத்தில் சர்வரிலேயே கட்டளைகளை ஓட்ட அது வழிவிட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது. மே மாதப் புதுப்பிப்பை ஏற்றிய விண்டோஸ், திருத்தாத சர்வரோடு இணைய மறுத்தது. அப்போது பலர் செய்த காரியம், குரூப் பாலிசியில் ‘வல்னரபிள்’ என்று பச்சையாகப் பெயரிடப்பட்டிருந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்ததுதான். எச்சரிக்கையை வாயடைத்துவிட்டு வேலையைப் பார்க்கும் இந்தப் பழக்கம், ஒவ்வொரு நாளும் ‘யெஸ்’ அழுத்தி அழுத்தி வந்தது.

ரிமோட் டெஸ்க்டாப்புக்காக விண்டோஸ் தானே தயாரிக்கும் சான்றிதழின் ஆயுள் ஆறு மாதம். முடிந்ததும் புதிதாக ஒன்றைச் செய்துகொள்கிறது. ‘மறுபடி கேட்காதே’ என்று டிக் அடித்திருந்தாலும் சான்றிதழ் மாறியதும் எச்சரிக்கைப் பெட்டி திரும்ப வருகிறது. 100 கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ் பையன், ஒன்றுமே தவறு நடக்காதபோதும் ஆண்டுக்கு 200 முறை அதே பெட்டியைப் பார்க்கிறான். உண்மையிலேயே ஒருவன் நடுவில் புகுந்த நாளில் வருவதும் அதே பெட்டிதான், அதே வாசகம்தான். எப்படிப் பிரித்தறிவான் அவன்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம், அவனை அப்படிப் பழக்கிவிட்டு, அதையே மேடையில் நியாயப்படுத்துகிறவர்களுடையது.

டொமைனில் சர்வரின் அடையாளத்தைக் கெர்பரோஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் அந்தப் பேச்சாளர் சொன்னார். கணினியின் பெயரைக் கொடுத்தால் பார்த்துக்கொள்ளும். நம் ஆட்கள் தட்டுவதோ 192.168 என்று தொடங்கும் ஐபி எண்ணை. பல அலுவலகங்களில் பாதிக் கணினிகள் டொமைனிலேயே இல்லை. அங்கே பவர்ஷெல் ரிமோட்டிங் வேலை செய்யவில்லை என்றால் ‘டிரஸ்டட் ஹோஸ்ட்ஸ்’ பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். எவனையும் நம்பு என்று பொருள். பட்டியலில் உள்ள கணினிகளின் அடையாளம் சரிபார்க்கப்படாமல் போகலாம், உங்கள் கடவுச்சொல் விவரம் அவற்றுக்கு அனுப்பப்படலாம் என்று அந்தக் கட்டளையே எச்சரித்துவிட்டுத்தான் அனுமதி கேட்கிறது. அதற்கும் ‘யெஸ்’.

சான்றிதழ் ஆடம்பரம் என்றால், இன்டெல் ஏன் அதைச் சிப்போடு சேர்த்து வைத்தது? அணைந்து கிடக்கும் கணினியைக்கூடத் தொலைவிலிருந்து எழுப்பும் ‘ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி’ வசதியை, யாரும் கணினியின் முன் உட்காராமல் முழு அதிகாரத்தோடு இயக்கிவைக்க வேண்டுமானால், சர்வர் ஒரு சான்றிதழைக் காட்ட வேண்டும். அதன் மூலச் சான்றிதழின் ஹாஷ் ஃபர்ம்வேரில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள டொமைன் பெயர், டிஹெச்சிபி சொல்லும் பெயரோடு ஒத்துப்போகவும் வேண்டும். அலுவலகத்தின் உள்ளே இருக்கும் கணினிக்குத்தான் இத்தனை சோதனையும்.

எச்சரிக்கை தொந்தரவு என்றால் ஒரே சான்றிதழைச் செய்து எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவிடலாம் என்று அவர் ஒரு குறுக்குவழியும் சொன்னார். இதைத்தான் 2015இல் டெல் செய்தது. வாடிக்கையாளர் உதவிக்குக் கணினியை எளிதாக அடையாளம் காண, ‘இடெல்ரூட்’ என்ற மூலச் சான்றிதழைத் தன் கணினிகளில் நிறுவியது. கூடவே அதன் தனிச்சாவியும் ஒவ்வொரு கணினியிலும் போய்ச் சேர்ந்தது. ஒரு கணினியிலிருந்து சாவியை எடுத்தவன் அந்தச் சான்றிதழை நம்பும் எல்லாக் கணினிகளையும் ஏமாற்றலாம் என்ற நிலை. அந்த நவம்பரில் விஷயம் வெளியானதும் டெல் வருத்தம் தெரிவித்து, அதை நீக்கும் வழியை வெளியிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனம் கைவிட்ட வழியைத்தான் நம் சிறுதொழில் முனைவோருக்கு அவர் பரிந்துரைக்கிறார்.

சான்றிதழ் வழங்கும் அமைப்புகளே ஏமாறுகின்றனவே என்று 2014ஐக் காட்டினார். நம் நாட்டு என்ஐசியின் பெயரில் கூகுள் தளங்களுக்குப் போலிச் சான்றிதழ்கள் வெளியான ஆண்டு அது. அவற்றைக் கண்டுபிடித்து ரத்து செய்யவும் வழி இருந்தது. செல்ஃப் சைன்டு சான்றிதழை ரத்து செய்ய யாரிடம் போவது?

செலவு? சான்றிதழ் வழங்கும் சிஏ சேவை விண்டோஸ் சர்வருக்குள்ளேயே வருகிறது. அதற்குத் தனி உரிமக் கட்டணம் கிடையாது. 2029இல் சான்றிதழ்களின் ஆயுள் 47 நாளாகச் சுருங்கப்போகிறது, யார் புதுப்பித்துக்கொண்டிருப்பது என்று அவர் பயமுறுத்தியதும் செல்லாது. அந்த விதி பிரௌசர்கள் நம்பும் பொதுச் சான்றிதழ்களுக்கு மட்டும். நிறுவனம் தன் கணினிகளுக்குத் தானே வழங்குவதை அது தொடாது.

காலாவதியானால் வேலை நின்றுவிடும் என்பது கடைசி வாதம். நிற்கும்தான். 2018 டிசம்பரில் எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2 நெட்வொர்க்கைப் பயன்படுத்தும் கோடிக்கணக்கானோர் மொபைல் டேட்டா இல்லாமல் தவித்தார்கள். ஆனால் காலாவதித் தேதி சான்றிதழ் பிறக்கும்போதே அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி உள்ள இடத்தில் ஒரு டெம்ப்ளேட்டும் ஒரு குரூப் பாலிசியும் சரியாக அமைத்தால் கணினிகள் தாமாகவே சான்றிதழைப் பெற்றுக்கொள்ளும், தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டில் யார் யார் விண்ணப்பிக்கலாம் என்பதைக் கண்டபடி திறந்துவிடாமல் இருந்தால் போதும்.

நிறுவன உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏஎம்சி புதுப்பிக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ரிமோட் எடுக்கும்போது சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், இணைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு எங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட யார் தயங்குகிறார்கள் என்று பாருங்கள்.