வராது என்று சொல்லும் கூச்சம்

1950இல் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையில், மறுமுனையில் இருப்பது மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கற்பனை உரையாடல் ஒன்று வருகிறது. 34957உடன் 70764ஐக் கூட்டச் சொன்னதும், மறுமுனை 30 விநாடி தயங்கி 105621 என்கிறது. விடையில் நூறு குறைகிறது. வேண்டுமென்றே வைத்த பிழை என்றே நாம் கருதுகிறோம். இத்தகைய தடுமாற்றத்தை எந்த இயந்திரத்துக்கும் பழக்கிவிடலாம். (2014இல் ஒரு நிரல் 13 வயதுச் சிறுவனாக நடித்துத் தன் அறியாமைக்குச் சமாதானம் தேடிக்கொண்டது.)

நம்மை நிறுத்துவது வேறோர் இடம். பாலம் ஒன்றைப் பற்றிக் கவிதை கேட்டபோது, தனக்குக் கவிதை வராது என்று மறுமுனை ஒதுங்கிக்கொள்கிறது. இன்றைய இயந்திரங்களோ வெண்பா கேட்டாலும், தளை தட்டினாலும் பொருட்படுத்தாமல், நொடியில் எழுதி நீட்டிவிடுகின்றன. நம் வகுப்பில் வெண்பா என்றதும் தலைகுனியும் மாணவர்கள் உண்டு. தளை தட்டிவிடுமே என்னும் அந்தக் கூச்சத்தைத்தான் நாம் இயந்திரத்திடம் எதிர்பார்க்கிறோம்.